ஒன்பது பேர் இருக்கும் வீட்டில் தனிமை: பழக முயலலாமா, வீடு மாறிவிடலாமா?

கேள்வி இது: "நகரத்தில் ஒரு பெரிய வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மொத்தம் ஒன்பது பேர். சமையலறை, குளியலறை, மாடிப்படி எல்லாம் பொது. எட்டு மாதம் ஆகிவிட்டது, இரண்டு பேரின் பெயர்தான் தெரியும். பக்கத்து அறைக்காரர் இரவில் இருமுவதுகூடக் கேட்கிறது, ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இத்தனை பேர் நடுவில் இப்படித் தனியாக உணர்வது என்னிடம் உள்ள குறையா? பழக முயலலாமா, வீடு மாறிவிடலாமா?"

உங்களிடம் குறை எதுவும் இல்லை. மற்ற எட்டுப் பேரிடமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பழக்கம் பற்றி எழுபது எண்பது வருடங்களாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. அவற்றைப் படித்ததிலும், இப்படிப்பட்ட வீடுகளில் இருந்தவர்களிடம் பேசியதிலும் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. விலகிக்கொள்ள வசதி இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் தைரியமாக நெருங்குகிறார்கள். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதிர்ப்பட்டே ஆக வேண்டிய இடத்தில், முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் நடப்பது இந்த இரண்டாவது.

இதை மிக நன்றாகக் காட்டிய ஆய்வு 1970களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்தது. செய்தவர்கள் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வேலின்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள். அங்கே இரண்டு வகைக் கட்டடங்கள் இருந்தன. ஒன்றில் நீளமான நடைவழி, இருபுறமும் அறைகள், முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பொதுவாக ஒரு குளியலறையும் ஒரு கூடமும். இன்னொன்றில் நான்கிலிருந்து ஆறு பேர் வரை ஒரு சிறிய தொகுதி, அவர்களுக்குள் ஒரு குளியலறையும் உட்கார ஓர் இடமும். ஆளுக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நீண்ட நடைவழியில் இருந்தவர்கள், நெரிசலாக இருக்கிறது, பார்க்க விரும்பாத நேரத்திலெல்லாம் யாரையாவது பார்க்க வேண்டியிருக்கிறது என்றார்கள். பிறகு அந்த மாணவர்களை விடுதிக்கு வெளியே வேறோர் அறையில், முன்பின் தெரியாத ஒருவருடன் காத்திருக்க வைத்துப் பார்த்தார்கள். நடைவழி மாணவர்கள் அந்த ஆளிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள், அவர் முகத்தைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்கள். தங்கும் இடத்தில் பழகிய விலகல் வெளியிலும் கூடவே வந்துவிட்டது. ஒரே மாதிரியான மாணவர்கள்தான், வித்தியாசம் கட்டடத்தில்தான் இருந்தது. பாம் பின்னர் வேறொரு விடுதியில் நீண்ட நடைவழி ஒன்றின் நடுவில் இருந்த சில அறைகளைப் பொது அறையாக்கி, நடைவழியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். 1980ல் வெளியான அந்த ஆய்வில், பிரித்த பகுதியில் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் கூடுதலாகப் பழகினார்கள்.

உங்கள் வீட்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒன்பது பேருக்கு ஒரு சமையலறை. வேலை முடிந்து அலுத்துப் போய் வருகிறீர்கள், தண்ணீர் எடுக்கப் போனால் அங்கே யாரோ நிற்கிறார்கள். அவரும் அப்படித்தான் அலுத்துப் போய் நிற்கிறார். இருவருமே பேசும் மனநிலையில் இல்லை. போனில் பார்வையைப் புதைத்துக்கொள்கிறீர்கள். இதே காட்சி நாற்பது முறை நடந்தால், அது ஒரு வழக்கமாகவே ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் பேசத் தோன்றினாலும், இத்தனை நாள் பேசாதவர் இன்று ஏன் பேசுகிறார் என்று நினைப்பாரோ என்ற கூச்சம் வந்து நிற்கும். எட்டு மாத மௌனத்தில் பாதிக்கு மேல் இந்தக் கூச்சம்தான் என்பது என் கணிப்பு.

நகரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மானிய சமூகவியலாளர் ஜார்ஜ் ஸிம்மல் 1903லேயே இதை எழுதினார்: இடைவிடாமல் வந்து மோதும் முகங்கள், சத்தங்கள், அவசரங்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள நகரவாசி ஒரு ஒதுக்கத்தைப் போர்த்திக்கொள்கிறார். 1970ல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் அதையே இன்னும் விரிவாகச் சொன்னார். வெளியே நாள் முழுக்க அந்த ஒதுக்கத்தோடு நடந்துவிட்டு வருபவர், வீட்டு வாசலில் அதைக் கழற்றி வைக்க முடிந்தால் நல்லது. பகிர்வு வீட்டில் வாசலைத் தாண்டியும் அந்நியர்கள்தான் இருக்கிறார்கள். அதனால் தன் அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றுகிறார். நீங்களும் அப்படித்தான், அவர்களும் அப்படித்தான்.

சரி, தனி வீட்டில் ஒற்றையாக இருக்கும் பலர் நிம்மதியாக இருக்க, இவ்வளவு பேர் இருக்கும் வீட்டில் ஏன் வலிக்கிறது? உளவியலாளர்கள் லெட்டிஷியா பெப்லாவும் டேனியல் பெர்ல்மனும் 1980களின் தொடக்கத்தில் தந்த விளக்கம் இன்றுவரை நிற்கிறது. நாம் எதிர்பார்க்கும் உறவுக்கும், நமக்குக் கிடைத்திருக்கும் உறவுக்கும் உள்ள இடைவெளிதான் தனிமை உணர்வு. சுற்றிலும் எத்தனை பேர் என்பது கணக்கிலேயே வருவதில்லை. ஒற்றையாக இருப்பவருக்குச் சுவருக்கு அப்பாலிருந்து எந்த எதிர்பார்ப்பும் இல்லை. உங்களுக்கோ அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, சமையலறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. இடைவெளி ஒவ்வொரு நாளும் காதில் விழுகிறது. அதனால்தான் கூட்டத்துக்குள் இருக்கும் தனிமை இன்னும் கூர்மையாகக் குத்துகிறது.

அதோடு தனிமை நம் பார்வையையும் மாற்றிவிடுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் காசியோப்போவும் லூயிஸ் ஹாக்லியும் பல வருடங்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். தனிமை நீடிக்கும்போது மனம் காவல் நிலைக்குப் போய்விடுகிறது. பிறர் முகத்தில் நட்பைவிட நிராகரிப்பைத்தான் அது முதலில் தேடுகிறது. பக்கத்து அறைக்காரர் கதவைச் சற்று வேகமாகச் சாத்தினால், அது காற்றாக இருக்கலாம், கையில் பை இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் மனம், என்னைப் பார்த்ததும் சாத்திவிட்டார் என்று எழுதிக்கொள்ளும். தனிமையைக் குறைக்கச் செய்யப்பட்ட பல முயற்சிகளை ஒப்பிட்டு 2011ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்துவதைவிட, இப்படித் தவறாக எழுதிக்கொள்ளும் பழக்கத்தைத் திருத்துவதற்கே கூடுதல் பலன் இருந்தது. ஆகவே முதல் வேலை உங்கள் தலைக்குள்தான். யாராவது கண்டுகொள்ளாமல் போனால், அதற்கு உங்களைச் சேராத இரண்டு காரணங்களையாவது யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான் உண்மையாக இருக்கும்.

இதற்கு நேரடியான சான்றும் உண்டு. எரிக்கா பூத்பியும் அவருடைய சகாக்களும் 2018ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக அறிமுகமான இருவர் பேசி முடித்த பிறகு, தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் அவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். உண்மையில் மற்றவருக்கு அவர்களை அதைவிடக் கூடுதலாகப் பிடித்திருந்தது. அந்த ஆய்வின் ஒரு பகுதி விடுதியில் ஒரே தொகுதியைப் பகிர்ந்துகொண்ட முதலாண்டு மாணவர்களைப் பற்றியது. ஒன்றாகவே வாழ்ந்தும் இந்தத் தவறான கணிப்பு பல மாதங்கள் மாறவில்லை. ஒரே குளியலறையைப் பயன்படுத்துகிறவர்கள், மாதக்கணக்காக ஒருவரையொருவர் உள்ளுக்குள் விரும்பிக்கொண்டே, அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! உங்கள் வீட்டில் இப்போது இது நடந்துகொண்டிருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

இனி என்ன செய்வது என்பதற்கு வருவோம். அதற்கு முன் எதை எதிர்பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973ல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதது ஒன்று. நான் இன்னாருள் ஒருவன், இங்கே என்னைத் தெரியும் என்று சொல்ல ஒரு வட்டம் இல்லாதது இன்னொன்று. ஒன்றைக் கொடுத்து மற்றதை ஈடுகட்ட முடியாது என்பது அவர் கருத்து. பக்கத்து அறைக்காரர்கள் தரக்கூடியது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். முதலாவதையும் அவர்களிடமே தேடினால், அவர்கள் பயந்து ஒதுங்குவார்கள், நீங்களும் ஏமாந்து போவீர்கள். நெருங்கிய நட்புக்கு நேரம் வேண்டும். ஜெஃப்ரி ஹால் 2018ல் கணக்கிட்டபடி, மேலோட்டமான நட்புக்கே சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிய வேண்டியிருக்கிறது. சமையலறையில் இரண்டு நிமிடம் இரண்டு நிமிடமாகச் சேர்த்து அங்கே போய்ச் சேர முடியாது.

ஆனால் அந்த இரண்டு நிமிடங்களுக்கென்று தனி மதிப்பு இருக்கிறது. கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் இருவரும் 2014ல் காட்டியது இது: முகப்பழக்கம் மட்டுமே உள்ளவர்களோடு அதிகம் பேச நேர்ந்த நாட்களில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியாகவும், தான் இந்த இடத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வோடும் இருந்தார்கள். உங்களுக்கு எட்டு நண்பர்கள் தேவையில்லை. உங்கள் பெயரைத் தெரிந்தவர்கள் எட்டுப் பேரில் ஐந்தாறு பேர் இருந்தால், இரண்டு நாள் உங்களைக் காணவில்லை என்றால் கவனிக்கக்கூடியவர் ஒருவர் இருந்தால், அந்த வீடு வேறு வீடாகிவிடும். குறியை அங்கே வையுங்கள்.

அந்த ஐந்தாறு பேர் யாராக இருப்பார்கள் என்பதைக் குணத்தைவிடக் கதவுகள் இருக்கும் இடமே பெரிதும் தீர்மானிக்கும். லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் மூவரும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணமான மாணவர் குடியிருப்பில் செய்து 1950ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. இரண்டு மாடிக் கட்டடங்கள், மாடிக்கு ஐந்து வீடுகள். அடுத்த கதவுக்காரரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். அதே மாடியின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். இத்தனைக்கும் கோடிக்குக் கோடி தூரம் சில பத்து அடிகள்தான். மாடிப்படிக்கு அருகே கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு மேல்தளத்தில் நண்பர்கள் அதிகம், ஏனென்றால் மேலே இருப்பவர்கள் அவர்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். அடுத்தடுத்துச் சாதாரணமாகக் கண்ணில் படுவதே பழக்கத்துக்கு விதை போடுகிறது.

இதே நெருக்கம் பகையையும் வளர்க்கும் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1976ல் எப்பசன் என்பவரும் சகாக்களும் கலிஃபோர்னியாவில் ஒரு குடியிருப்பில் கேட்டுப் பார்த்தபோது, மக்கள் நண்பர் என்று சொன்னவர்கள் அருகில் இருந்தார்கள், பிடிக்காதவர் என்று சொன்னவர்கள் அதைவிட அருகில் இருந்தார்கள். நண்பர்களைப் பழகப் பழகச் சேர்த்துக்கொள்கிறோம். எரிச்சலுக்குப் பழக்கமே தேவையில்லை. இரவுச் சத்தமும் கழுவாத பாத்திரமும் முகம் தெரியாதவரிடமிருந்தும் வரும். உங்கள் வீட்டில் இப்போது பகை இல்லை, மௌனம் மட்டும்தான் என்றால், அது நல்ல நிலையில் தொடங்குவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியதில் முதலாவது, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பது. காலையில் காபியோ டீயோ எதைக் குடிப்பீர்களோ அதை அறைக்குள் கொண்டுபோகாமல், சமையலறையிலோ வாசற்படியிலோ தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் உட்கார்ந்து குடியுங்கள். பேச வேண்டியதில்லை. வருபவர் போகிறவரைப் பார்த்துத் தலையசைத்தால் போதும். ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே அது பிடித்துப்போகிறது என்று ராபர்ட் ஸாயான்ஸ் 1968ல் காட்டினார், பிறகு பலரும் அதை உறுதி செய்தார்கள். இதில் இன்னொரு நன்மை, நீங்கள் எப்போது எங்கே இருப்பீர்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பேச வேண்டும் என்பவர் அந்த நேரத்தில் வரலாம், வேண்டாம் என்பவர் பத்து நிமிடம் தள்ளி வரலாம். விலகும் வசதியை நீங்களே அவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். நான் ஆரம்பத்தில் சொன்னதன் நடைமுறை வடிவம் இதுதான்.

இரண்டாவது, சிறிய உதவி ஒன்றைக் கேளுங்கள். கொடுப்பதைவிடக் கேட்பது நல்ல தொடக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் எதையாவது கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குபவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற பாரம் வருகிறது, இவருக்கு என்னிடம் என்ன வேண்டும் என்ற சந்தேகமும் வரலாம். "நாளைக்கு எனக்கு ஒரு பார்சல் வருகிறது, நீங்கள் வீட்டில் இருந்தால் வாங்கி வைக்க முடியுமா?" என்று கேட்டால், அவர் முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். முடியும் என்று சொன்னவருக்குத் தான் பயன்பட்டோம் என்ற நிறைவு கிடைக்கிறது, அடுத்து அவர் கேட்பதற்கும் வழி திறக்கிறது. கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று நாம் நினைப்பதும் பெரும்பாலும் தவறு. ஃபிளின், லேக் என்ற இருவர் 2008ல் வெளியிட்ட சோதனைகளில், உதவி கேட்கப் போனவர்கள், நேரில் கேட்டால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொன்ன எண்ணிக்கை, உண்மையில் சம்மதித்தவர்களில் ஏறக்குறைய பாதியாகத்தான் இருந்தது. ஸ்குரூ டிரைவர், போன் சார்ஜர், குப்பை எடுக்க எப்போது வருவார்கள் என்ற ஒரு விவரம், எதுவானாலும் சரி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற உதவியாக மட்டும் இருக்கட்டும். பணம் கேட்காதீர்கள்.

எட்டு மாதம் கழித்து எப்படிப் பெயர் கேட்பது என்பதுதான் உங்கள் பெரிய தயக்கமாக இருக்கும். நேராகவே சொல்லிவிடலாம்: "இவ்வளவு நாளாக ஒரே வீட்டில் இருக்கிறோம், உங்கள் பெயரை இதுவரை கேட்டதே இல்லை, மன்னிக்கணும். என் பெயர் இது." அவருக்கும் உங்கள் பெயர் தெரியாது. அதே கூச்சம் அவருக்கும் இருந்திருக்கும். அதை முதலில் உடைத்தவர் மீது நன்றிதான் வரும். இருமுகிறவரிடம் இதைச் செய்யும்போது இருமலைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் சத்தம் என் அறைக்குக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்தால், அன்றிலிருந்து தன் அறைக்குள்ளேயே அவர் அடக்கி ஒடுக்கி வாழ்வார். நாலைந்து முறை பேசிப் பழகிய பிறகு, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்க ஒரு தருணம் தானாகவே வரும்.

யாரிடமும் முதல் பேச்சு புகாராக இருக்கக் கூடாது. பகிர்வு வீடுகளில் பாதி உறவுகள் இதில்தான் கெடுகின்றன. மாதக்கணக்கில் பேசாதவர் முதன்முறையாக வாய் திறப்பது, அடுப்பைத் துடைக்கவில்லை என்று சொல்வதற்காக இருந்தால், அதற்குப் பிறகு அங்கே எதுவும் முளைக்காது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் கோபச் சீட்டுகளும் அப்படித்தான், யார் ஒட்டியது, யாரைச் சொல்கிறது என்று ஒன்பது பேரும் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். ஏற்கெனவே நாலு வார்த்தை பேசிய பழக்கம் இருக்குமானால், அதே புகாரை நேரில், தனியாக, சாதாரணக் குரலில் சொல்லி முடித்துவிடலாம். வாட்ஸ்அப் குரூப் தகவலுக்கு நல்லது. தண்ணீர் வரவில்லை, மெக்கானிக் வருகிறார், சாவி கிடைத்தது, இதற்கெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். சண்டையை மட்டும் அங்கே நடத்த விடாதீர்கள், எழுத்தில் குரல் கேட்பதில்லை, எட்டுப் பேர் பார்வையாளர்களாக வேறு இருக்கிறார்கள்.

எல்லோரையும் அழைத்து ஒரு பெரிய விருந்து வைத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆரம்பத்திலேயே வேண்டாம் என்பேன். ஜேன் ஜேக்கப்ஸ் 1961ல் நகர வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது இதைத் துல்லியமாகக் கவனித்தார். எல்லாவற்றையும் பகிர்ந்துகொள், இல்லாவிட்டால் எதையும் பகிராதே என்ற இரண்டே வழிகள் மட்டும் இருந்தால், மக்கள் எதையும் பகிராமல் இருப்பதையே தேர்ந்தெடுப்பார்கள். அவர் வாழ்ந்த நியூயார்க் தெருவில் பலர் தங்கள் வீட்டுச் சாவியை ஒரு கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவரை நம்பியதற்குக் காரணம், யாருக்குச் சாவி கொடுக்கிறீர்கள், ஏன் கொடுக்கிறீர்கள் என்று அவர் விசாரிக்காததுதான். நம்பிக்கை அந்த அளவுக்குப் போதும். டென்மார்க்கில் 1972ல் சேட்டடாமென் என்ற கூட்டுக் குடியிருப்பைக் கட்டியவர்களும் இதைப் புரிந்திருந்தார்கள். சேர்ந்து சாப்பிடவும் கூடவும் பொது இல்லம் ஒன்றைக் கட்டினார்கள், ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் கதவும் சொந்தச் சமையலறையும் இருந்தன. பொது மேசைக்கு வருவது அவரவர் விருப்பம். அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் வீட்டில் நாலைந்து பேரிடம் சகஜமான பேச்சு வந்த பிறகு, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட மாலை, அவரவர் சமைத்ததை அவரவர் எடுத்துவந்து ஒரே மேசையில் சாப்பிடலாம் என்று சொல்லிப் பாருங்கள். வராதவரை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. அதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

சிலர் எப்போதுமே வரமாட்டார்கள். தூக்கம் கெட்ட வேலை நேரம், வீட்டுக் கவலை, மொழி தெரியாத தயக்கம், அல்லது ஆள் இல்லாத அமைதியே பிடித்திருப்பது, எதுவாகவும் இருக்கலாம். தலையசைப்போடு அவர்களை விட்டுவிடுங்கள். எல்லை தாண்டுகிற ஆளும் ஒருவர் இருக்கலாம். கதவைத் தட்டிக்கொண்டே இருப்பவர், வேண்டாம் என்றாலும் உள்ளே வர முயல்பவர், உங்கள் போக்குவரத்தைக் கணக்கெடுப்பவர். குறிப்பாகத் தனியாகத் தங்கும் பெண்களுக்கு இது நிஜமான கவலை. அங்கே கண்ணியத்துக்காகச் சிரித்து வைக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. வீட்டில் இன்னும் இரண்டு பேரோடு பழக்கம் இருப்பது இதற்கும் பாதுகாப்பு. நடப்பதை யாரிடமாவது சொல்லலாம், வீட்டு உரிமையாளரிடம் சேர்ந்து போய்ப் பேசலாம்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இது மனநிலையோடு மட்டும் நிற்கிற விஷயமில்லை. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் சகாக்களும் 2010ல் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உறுதியான சமூக உறவுகள் இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. பிரிட்டன் 2018லும் ஜப்பான் 2021லும் தனிமைக்கென்றே அமைச்சர்களை நியமித்தன. உலக சுகாதார நிறுவனம் 2025ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் அறைக்குள், கதவும் ஜன்னலும் சாத்தியபடி, தனியாக இறந்தவர்கள். வாடகைக்கு அறை அறையாக விடும் விடுதிகளில் தங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள், சுவருக்குச் சுவர் ஆட்கள் இருந்தும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை. சமூகவியலாளர் எரிக் கிளினன்பர்க் இதை ஆராய்ந்தபோது, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் தனியாக வாழும் ஏழை முதியவர்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். ஆனால் இறப்பு விகிதத்தில் பத்து மடங்கு வித்தியாசம். குறைவாக இறந்த பகுதியில் தெருக்களில் நடமாட்டம் இருந்தது, கடைகள் திறந்திருந்தன, முதியவர்கள் வெளியே வந்து போகிற வழக்கம் இருந்தது.

அதனால் உங்கள் வீட்டில் ஒரே ஒருவரோடாவது இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். ஒருவர் எண் மற்றவரிடம் இருக்கட்டும். ஊரில் உள்ள உறவினர் ஒருவரின் எண்ணையும் கொடுத்து வையுங்கள். இரண்டு நாள் ஆளைக் காணவில்லை என்றால் கதவைத் தட்டலாம் என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். நம்பிக்கை வந்த பிறகு ஒரு மாற்றுச் சாவியும் கொடுக்கலாம். அந்த இருமல்காரருக்கு இது உங்களைவிட அவசரமாகத் தேவைப்படலாம்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் தூக்கம் வராமல், பசி இல்லாமல், எதிலும் பிடிப்பு இல்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், அது அண்டை வீட்டுப் பழக்கத்தால் மட்டும் தீராது. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அதேபோல, மனதில் இருப்பதைக் கொட்ட ஆள் இல்லை என்பதுதான் உங்கள் குறை என்றால், இந்த வீட்டைப் பழக்கப்படுத்திக்கொண்டே பழைய நண்பர் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். அந்த 200 மணி நேரத்தை அவரோடு நீங்கள் ஏற்கெனவே கழித்தாயிற்று.

வீடு மாறுவதா என்ற கேள்விக்கு என் பதில்: மேலே சொன்னதில் தினமும் ஒரே இடத்தில் உட்காருவது, பெயர் கேட்பது, உதவி கேட்பது மூன்றையும் இரண்டு மூன்று மாதம் செய்துபாருங்கள். அதற்குப் பிறகும் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை என்றால் தாராளமாக மாறுங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. புது வீடு பார்க்கும்போது அறையின் அளவை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சமையலறைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், நாலிலிருந்து ஆறு வரை இருப்பது நல்லது. பொது இடத்தில் உட்கார நாற்காலி இருக்கிறதா, அது கடந்து போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அறைக் கதவு மாடிப்படிக்கு அருகில் இருந்தால் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் ஆட்களைத் தெரிந்துகொள்வீர்கள், மறுகோடி அறையில் நேர்மாறாக இருக்கும். உங்கள் நிலையில் நானாக இருந்தால் படிக்கு அருகே உள்ளதைத்தான் எடுப்பேன். இப்போது அங்கே இருப்பவர்கள் எவ்வளவு நாளாக இருக்கிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒருவர் காலி செய்துகொண்டே இருக்கும் வீட்டில், எவ்வளவு நல்லவர்கள் வந்தாலும் பழக்கம் வேர் பிடிக்க நேரம் இருக்காது.